ஜம்ப் ஸ்டார்ட்டர்: பெட்டியில் 2000 ஆம்ப் என்று போட்டிருக்கிறது, நம்பலாமா?

அல்சூர் அகிலா · திங்கள், காலை 10:40

வணக்கம். நீண்ட நாளாக வாசித்து மட்டும் வருகிறேன், இது என் முதல் இழை. இடம் மாறிப் போட்டிருந்தால் நகர்த்திவிடுங்கள்.

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், ஏழு வருடம் ஓடியிருக்கிறது. பேட்டரி 35 ஆம்ப் அவர், மாற்றி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாதத்தில் மூன்று திங்கட்கிழமை காலை செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் பல்லி மாதிரி டிக் டிக் டிக். அவ்வளவுதான். இன்று மூன்றாவது முறை. பையனுக்கு எட்டு மணிக்குப் பள்ளி. ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தே விலையை முடிவு செய்துவிட்டார்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் என் பார்க்கிங் இரண்டாவது அடித்தளத்தில். அங்கே ஃபோன் சிக்னல் கிடையாது. மேலே ஏறி வந்து ரோடுசைடு அசிஸ்டன்ஸை அழைத்தால் ஒன்றரை மணி நேரம் என்கிறார்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று செக்யூரிட்டி சொன்னார். அடித்தளத்திலிருந்து வெளியே போகும் வழி மேட்டில் ஏறுகிறது, யார் தள்ளுவது?

அதனால் பேட்டரி இறங்கிய வண்டிக்குக் கரன்ட் கொடுத்து எழுப்பும் கையடக்கப் பெட்டி, ஜம்ப் ஸ்டார்ட்டர், ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை இருக்கிறது. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியில் 2000 ஆம்ப் என்று போட்டிருக்கிறது, எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியில் 1000 ஆம்ப்தான். எதை நம்புவது?

சிக்கனச் சின்னசாமி · திங்கள், காலை 11:05

மேடம், இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரன்ட் எடுக்கும் ஜம்ப்பர் கேபிள் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசுங்கள், வேலை முடிந்தது. எதற்கு எட்டாயிரம்?

அல்சூர் அகிலா · திங்கள், காலை 11:20

பக்கத்து பார்க்கிங்கில் நிற்பது ஸ்கூட்டர். அதற்கு அடுத்தவர் காலை ஆறரைக்கே எலக்ட்ரானிக் சிட்டி கிளம்பிவிடுவார். எதிர் வரிசையில் இருப்பவருடன் பராமரிப்புக் கட்டண விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

சிக்கனச் சின்னசாமி · திங்கள், காலை 11:22

கடைசி வரி புரிகிறது. வாபஸ்.

டைனமோ மணி · திங்கள், மதியம் 1:15

600 ரூபாய் கேபிள் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது வாங்கிவிடப் போகிறார்கள். மேலே ரப்பர் விரல் தடிமனாக இருக்கும், உள்ளே வெட்டிப் பார்த்தால் செம்பு பூசிய அலுமினியம், அதுவும் முடி முடியாக. செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சுடும், வண்டி எடுக்காது. வாங்குவதென்றால் உள்ளே 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கையில் தூக்கினாலே கனம் தெரியும். ரப்பரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இன்னொரு காரிலிருந்து எடுக்கும்போது கடைசியாக மாட்டும் கறுப்புக் கிளிப்பை செத்த பேட்டரியின் மைனஸில் போடாமல், எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் போடுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி வரும். பேட்டரி மேலே ஹைட்ரஜன் இருக்கும். நான் வேலை கற்ற காலத்தில் ஒரு பேட்டரி மூடி மேற்கூரை வரை போனதைப் பார்த்தவன்.

அகிலாம்மா, உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள். ஏன் எப்போதும் திங்கட்கிழமை?

மில்லிஓம் · திங்கள், மதியம் 2:48

பெட்டியில் இருக்கும் 2000, 1000 என்ற பீக் ஆம்ப் (உச்ச மின்னோட்ட) எண்ணைப் பற்றி அகிலா மேடம் கேட்டிருக்கிறார். அது என் தொழிலுக்கு நெருங்கிய விஷயம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் பேட்டரியில் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 விநாடி, வோல்ட் 7.2க்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்ப் தர முடியும் என்பதுதான் அது. எத்தனை விநாடி, எந்த வோல்ட், எந்த வெப்பம் எல்லாம் அதில் உண்டு. பீக் ஆம்புக்கு இப்படி எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு முறை எதுவும் கிடையாது. கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்துபோன மின்னோட்டத்தையும் போடலாம், கணக்கில் மட்டும் வரும் மின்னோட்டத்தையும் போடலாம்.

சரி, அந்த 2000 ஆம்ப் நடக்குமா? முழு சார்ஜில் அந்தப் பெட்டியின் வோல்ட் 12.6. ஓம் விதிப்படி 2000 ஆம்ப் ஓட வேண்டுமானால் மொத்தத் தடை 6.3 மில்லிஓம்தான் இருக்கலாம். அதுவும் இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று முட்டவிட்டால். அந்த 6.3க்குள் செல்லின் உள்தடை, இரண்டு வயர், பிளக், கிளிப்புக்குள் இருக்கும் ஸ்விட்ச், கிளிப்பின் பல்லும் எண்ணெய் படிந்த டெர்மினலும் தொடும் இடம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது.

வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியில் பெரும்பாலும் 10,000 எம்ஏஎச் (மில்லிஆம்ப் அவர்) என்று இருக்கும். அது ஒரு செல்லின் 3.7 வோல்ட் கணக்கில் சொல்லும் எண், ஆக மொத்தம் 37 வாட் அவர். உள்ளே மூன்று செல் வரிசையாகக் கோத்திருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 3.3 ஆம்ப் அவர். 3.3 ஆம்ப் அவர் செல்லிலிருந்து 2000 ஆம்ப் எடுப்பது என்றால் கொள்ளளவைப் போல 600 மடங்கு வேகம். இந்த வேலைக்கென்றே செய்த நல்ல லித்தியம் பாலிமர் செல் 30 முதல் 50 மடங்கு வரை தாங்கும், சில விநாடிக்கு அதில் இருமடங்கு தரலாம். அதாவது 200லிருந்து 330 ஆம்ப். மலிவான செல்லில் அதுவும் வராது.

நல்ல செய்தி என்னவென்றால் உங்கள் வண்டிக்கு அதுவே போதும். 1.2 லிட்டர் பெட்ரோலின் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றும்போது எடுப்பது 100லிருந்து 200 ஆம்ப். 150 ஆம்ப், 10 வோல்ட், 3 விநாடி என்று வையுங்கள். 4500 ஜூல், ஒன்றேகால் வாட் அவர். பெட்டியில் இருப்பதோ 37. மாடித் தொட்டியில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை, இறங்கும் குழாய் அரை இன்ச்சா ஒரு இன்ச்சா என்பதுதான் கேள்வி. எம்ஏஎச் என்பது தொட்டி. ஆம்ப் என்பது குழாய். விற்பவர்கள் தொட்டியைக் காட்டிக் குழாயை விற்கிறார்கள்.

ஆக, பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஸ்டார்ட்டிங் கரன்ட்' அல்லது 'கிராங்கிங் கரன்ட்' என்று தனியாக ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். பெட்ரோலுக்கு அது 250, 300 இருந்தால் தாராளம். அந்த எண்ணே இல்லாமல் பீக் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஓசூர் ரோடு குமரன் · திங்கள், மாலை 6:30

மில்லிஓம் சார் எழுதியதை நான் காசு கொடுத்துக் கற்றேன். என்னுடையது 2.2 லிட்டர் டீசல் எஸ்யூவி. போன வருடம் '2000 ஆம்ப்' ஒன்று வாங்கி டிக்கியில் போட்டு வைத்தேன். பிராண்டைச் சொல்லவில்லை, சொல்லியும் பயனில்லை, அதே பெட்டி நாலு பெயரில் விற்கிறது. மே மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஓட்டலில் இரவு சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். ஹெட்லைட்டை அணைக்க மறந்துவிட்டோம். சாப்பிட்டு வந்தால் பேட்டரி டவுன்.

பெருமையாகப் பெட்டியை எடுத்தேன். மாட்டினேன். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றியது, 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், பெட்டி தானே அணைந்துவிட்டது. இரண்டாவது முறை முனகல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தால் பெட்டி லேசாக உப்பியிருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெயிலில் நின்ற டிக்கிக்குள் கிடந்த லித்தியம். உப்பாமல் என்ன செய்யும்?

பக்கத்தில் ஒரு நாமக்கல் லாரி நின்றது. அந்த டிரைவர் அண்ணன் கேபிளோடு வந்தார், வண்டியைப் பார்த்தார், தானே திரும்பிவிட்டார். "சார், என்னுது 24 வோல்ட்டு. மாட்டுனா உங்க போர்டு எல்லாம் போயிடும்" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியே இருக்காது. வேறு ஒரு கார் வரும்வரை முக்கால் மணி நேரம் என்னோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். ஊர், பிள்ளைகள், டீசல் விலை எல்லாம் பேசியாகிவிட்டது.

டீசல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நம் எஞ்சினில் அழுத்தம் அதிகம், செல்ஃப் மோட்டார் பெட்ரோலைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இப்போது நான் வைத்திருப்பது 20,000 எம்ஏஎச், 74 வாட் அவர், பீக் எண் பழையதைவிடக் குறைவு. எடை மட்டும் இரண்டு மடங்கு. இரண்டு முறை பயன்படுத்தினேன், இரண்டு முறையும் முதல் அடியிலேயே எடுத்தது.

வைட்ஃபீல்டு வாசி · திங்கள், இரவு 9:10

மின்சாரக் கார் வாங்கிவிட்டோம், இந்தத் தொல்லை இல்லை என்று இருந்தவன் நான். சிரிக்காதீர்கள். அதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, அது போனால் பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் கார் கண் திறக்காது. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற ஸ்விட்ச்சுக்கு இந்தச் சின்ன பேட்டரிதான் கரன்ட் தர வேண்டும்.

எங்களுக்கு நடந்தது இன்னும் கேவலம். ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தது. எங்கே? டிக்கியில். டிக்கி திறப்பது பொத்தானில். பொத்தானுக்கு 12 வோல்ட் வேண்டும். ரிமோட்டுக்குள் ஒளித்திருந்த இரும்புச் சாவியால் டிரைவர் கதவைத் திறந்து, பின் சீட்டை மடக்கி, என் மனைவி டிக்கிக்குள் தவழ்ந்து போய் எடுத்தாள். அந்தக் காட்சியை வீடியோ எடுத்தேன் என்பதற்காக இரண்டு நாள் பேசவில்லை.

மின்சாரக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் ஒரு வசதி, எஞ்சினைச் சுற்ற வேண்டியதில்லை, கணினிகள் விழித்தால் போதும். மிகச் சிறிய பெட்டியே செய்துவிடும். ஆனால் இப்படிப்பட்ட வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள், கையேட்டில் தெளிவாக வேண்டாம் என்று போட்டிருக்கிறது.

அல்சூர் அகிலா · திங்கள், இரவு 10:02

தவழ்ந்த காட்சியை நினைத்துச் சிரித்ததில் சாம்பார் அடிபிடித்தது. எல்லாருக்கும் நன்றி.

மணி அண்ணா கேட்டது: சனி, ஞாயிறு வண்டியை எடுப்பதில்லை. வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலைதான். மற்ற நாள் தினமும் ஓடுகிறது, ஆனால் பள்ளிக்கும் எம்.ஜி. ரோடு அலுவலகத்துக்கும்தான், மொத்தம் ஆறு ஏழு கிலோமீட்டர்.

டைனமோ மணி · செவ்வாய், காலை 7:30

அப்படிச் சொல்லுங்கள் கதையை.

நல்ல பேட்டரி இரண்டு நாள் நின்றால் ஒன்றும் ஆகாது. இரண்டு வாரம் நின்றாலும் எடுக்க வேண்டும். பூட்டி நிறுத்திய வண்டியில் அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் சேர்த்து 20லிருந்து 50 மில்லிஆம்ப் குடிக்கும். 50 என்றே வைத்தாலும் நாளைக்கு 1.2 ஆம்ப் அவர். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைக்கு 3 ஆம்ப் அவர். உங்கள் பேட்டரி அதற்கே விழுகிறது என்றால் இரண்டில் ஒன்று: பேட்டரி கிழம், இல்லை வேறு எதுவோ ராத்திரியில் திருடிக் குடிக்கிறது. பெங்களூருவில் மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் பேட்டரியின் ஆயுசு, நின்று நின்று ஓடும் டிராஃபிக்கில் அதற்கும் குறையலாம்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாரா வாரம் அதை வைத்து எழுப்பினால் எழுப்புவது பேட்டரியை இல்லை, பிணத்தை.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 300, 400 ரூபாய்க்கு வரும். இரவு நிறுத்தி, காலையில் கதவைத் திறக்கும் முன் பானெட்டை மட்டும் திறந்து... சரி, பானெட் நெம்பு வண்டிக்குள் இருக்கிறது, கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்து பேட்டரியின் வோல்ட்டை அளந்து பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. எத்தனை சார்ஜ் போட்டாலும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதென்றால் ஆறு அறையில் ஓர் அறை செத்துவிட்டது, அதைக் கடையில் போட்டுப் புதிது வாங்குங்கள், எந்த ஜம்ப் ஸ்டார்ட்டரும் அதற்கு மருந்து இல்லை. பழைய பேட்டரிக்கு எடை பார்த்துக் கழித்துக்கொள்வார்கள், சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்புறம் வேறு யாரையாவது சாவி திருப்பச் சொல்லிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். வண்டி ஓடும்போது 13.8லிருந்து 14.5க்குள் இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நலம்.

கடைசியாக ஒன்று. ஏதாவது புதிதாக மாட்டினீர்களா? கேமரா, ஜிபிஎஸ், மியூசிக் சிஸ்டம்?

அல்சூர் அகிலா · செவ்வாய், காலை 8:55

டேஷ்கேம். மூன்று மாதத்துக்கு முன்னால்.

ஐயோ.

மில்லிஓம் · செவ்வாய், காலை 9:20

நிறுத்தியிருக்கும்போதும் பதிவு செய்யும்படி ஃபியூஸ் பெட்டியில் நேரடியாக இணைத்திருப்பார்கள். அப்படி ஓடும் கேமரா 200, 300 மில்லிஆம்ப் எடுக்கும். கால் ஆம்ப் என்றால் நாளைக்கு 6 ஆம்ப் அவர், வெள்ளியிலிருந்து திங்களுக்கு 15. நான்கு வருடப் பேட்டரியில் 35க்கு 35 மிச்சமிருக்காது. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

உறுதி செய்ய மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்ப் அளவில் வையுங்கள். கதவைப் பூட்டிவிட்டு அரை மணி காத்திருங்கள், கணினிகள் தூங்க நேரம் பிடிக்கும். மீட்டர் நடுவில் இருக்கும்போது மட்டும் தப்பித்தவறிக்கூட சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஓசூர் ரோடு குமரன் · செவ்வாய், காலை 11:00

அதாவது பிரச்சினை பேட்டரியும் இல்லை, ஜம்ப் ஸ்டார்ட்டரும் இல்லை, அடித்தளத்தில் இரவெல்லாம் சுவரைப் படம் பிடிக்கும் கேமரா.

வைட்ஃபீல்டு வாசி · செவ்வாய், மதியம் 12:40

கேமராவைச் சரி செய்தாலும் ஒரு பெட்டி வீட்டில் இருப்பது நல்லது என்பது என் கட்சி. சூப்பர் கெப்பாசிட்டர் வகை பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில் லித்தியமே இல்லை. உங்கள் பேட்டரியில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச சக்தியை இரண்டு மூன்று நிமிடம் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே மூச்சில் திருப்பித் தரும். வெயிலில் கிடந்தாலும் உப்பாது, மாதக்கணக்கில் சார்ஜ் போட மறந்தாலும் பரவாயில்லை.

மில்லிஓம் · செவ்வாய், மதியம் 1:30

நல்ல பொருள்தான். ஆனால் பேட்டரி அடியோடு காலி என்றால் உறிஞ்ச ஒன்றும் இருக்காது, பவர் பேங்க் வைத்து முதலில் அதை ஊட்ட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். சேர்ப்பதும் ஓர் அடிக்குத்தான் போதும். அந்த அடியில் எடுக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. வண்டியிலேயே வைத்தாக வேண்டும் என்பவர்களுக்குக் கெப்பாசிட்டர், வீட்டில் வைத்துக் கீழே எடுத்துப் போக முடிந்தவர்களுக்கு லித்தியம். அகிலா மேடத்துக்கு லித்தியம் போதும்.

டைனமோ மணி · செவ்வாய், இரவு 8:15

கிளிப்பைப் பற்றி எழுத வேண்டும். நான் பார்த்த சேதாரமெல்லாம் அங்கேதான்.

இப்போது வரும் பெட்டிகளில் கிளிப்புக்கு நடுவே சின்னதாக ஒரு மண்டை இருக்கும். சிவப்பு கறுப்பு மாற்றி மாட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து கரன்ட்டைத் தடுக்கும். முட்டினாலும் பொறி வராது. அது இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். ஆனால் அந்த மண்டைக்கு ஒரு குணம் உண்டு. பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால் எதிரே பேட்டரி இருப்பதே அதற்குத் தெரியாது, கரன்ட் விடாது. அதற்கென்று 'பூஸ்ட்' பொத்தான் வைத்திருப்பார்கள். அதை அழுத்தினால் பல பெட்டிகளில் பாதுகாப்பு எல்லாம் விலகிவிடும். ஒரு பையன் மாற்றி மாட்டிவிட்டு, விளக்கு சிவப்பாக எரிகிறதே என்று பூஸ்ட்டை அழுத்தினான். டைனமோவின் டயோடு, மெயின் ஃபியூஸ் இரண்டும் போயிற்று. பூஸ்ட் அழுத்தும் முன் பிளஸ் குறியை விரலால் தொட்டுப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மாட்டியதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள், அரை நிமிடம் விடுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். எடுக்கவில்லையா, ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி. எடுத்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், டைனமோவின் கரன்ட் திரும்பிப் பெட்டிக்குள் போகக் கூடாது. ஹெட்லைட், ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும்.

எடுத்தபின் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள், அதில் ஒன்றும் ஏறாது. முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். அதுவும் அரைகுறைதான், நன்றாகக் காலியான பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போடுவதுதான் முறை. இன்னொன்று, பழைய மெக்கானிக்குகள் ஓடும் வண்டியில் பேட்டரி கேபிளைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பார்கள். என் குருவும் செய்வார். கார்புரேட்டர் காலத்து வேலை அது. இன்றைய வண்டியில் செய்தால் வோல்ட் எகிறிக் கணினி போய்விடும்.

சிக்கனச் சின்னசாமி · செவ்வாய், இரவு 8:50

டயருக்குக் காற்று அடிக்கும் பம்ப்பும் சேர்ந்தே வருகிறதே, அது?

ஓசூர் ரோடு குமரன் · செவ்வாய், இரவு 9:05

பம்ப் பாதிச் சார்ஜைக் குடித்துவிடும், அப்புறம் வண்டியை எழுப்ப மிச்சம் இருக்காது. தனித்தனியாக வாங்குங்கள் சின்னசாமி அண்ணே. அதேபோல அதை ஃபோன் சார்ஜ் போடும் பவர் பேங்க்காகப் பயன்படுத்தவே கூடாது. பாதிக்குக் கீழே இறங்கினால் ஆம்ப் வராது.

அல்சூர் அகிலா · புதன், காலை 9:30

ஒரு சின்னச் சந்தேகம். தம்பி அடுத்த மாதம் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கே பெரிய பிராண்டுகள் மலிவு. கொண்டுவரச் சொல்லவா?

மில்லிஓம் · புதன், காலை 10:10

100 வாட் அவருக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுவரலாம், செக்கின் பெட்டியில் கூடாது. வாட் அவர் எண் பெட்டியின் உடம்பிலேயே அச்சாகி இருக்க வேண்டும், இல்லையென்றால் சோதனையில் நிறுத்துவார்கள். கிளிப்பைப் பார்த்து ஆளாளுக்குக் கேள்வியும் கேட்பார்கள். கெட்டுப்போனால் உத்தரவாதம் அங்கேதான். நானாக இருந்தால் தம்பியிடம் வேறு ஏதாவது கேட்பேன்.

இங்கே வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு இங்கே அது கட்டாயம்.

அல்சூர் அகிலா · ஞாயிறு, மாலை 5:45

நிலவரம் சொல்கிறேன்.

மீட்டரில் 280 மில்லிஆம்ப். கேமராவின் ஃபியூஸை உருவியதும் 22க்கு இறங்கியது. மாட்டிக்கொடுத்த கடையில் கேட்டேன், "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் மாட்டுவோம்" என்றார்கள். சாவி போட்டால் மட்டும் ஓடும் ஃபியூஸுக்கு மாற்றித் தந்தார்கள், 200 ரூபாய் வாங்கிக்கொண்டு. பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டேன். காலையில் 12.5, செல்ஃப் அடிக்கும்போது 9.8. மணி அண்ணா, பாஸா ஃபெயிலா?

நேற்று எஸ்.பி. ரோடு போனேன். முதல் கடையில் 3000 ஆம்ப் பெட்டியை எடுத்து வைத்தார். 'ஸ்டார்ட்டிங் கரன்ட் எவ்வளவு' என்றேன். "மூவாயிரம் மேடம், அதுதான் ஸ்டார்ட்டிங்" என்றார். வாட் அவர் என்ன என்றேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது கடைக்காரர் தமிழ், தர்மபுரிப் பக்கம். இரண்டு பெட்டியை என் இரு கையிலும் கொடுத்து, "கனமானதை எடுங்கக்கா" என்றார். 12,000 எம்ஏஎச், 44.4 வாட் அவர், பீக் 1000, பொடி எழுத்தில் கிராங்கிங் 300. மண்டை வைத்த கிளிப், பிஐஎஸ் எண், டைப்-சி சார்ஜ் எல்லாம் இருக்கிறது. 4,800 ரூபாய்.

டைனமோ மணி · ஞாயிறு, இரவு 7:20

9.8 என்றால் ஜஸ்ட் பாஸ். டிசம்பர் குளிருக்குத் தாங்காமல் போகலாம். மழைக்காலம் முடிவதற்குள் புதிதுக்குக் காசு எடுத்து வையுங்கள்.

பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறக்காமல் சார்ஜ் போடுங்கள். யாரும் போடுவதில்லை. தேவைப்படும் நாளில் பார்த்தால் அதுவும் செத்திருக்கும்.

அல்சூர் அகிலா · ஞாயிறு, இரவு 7:48

என் மாமியார் வழி சொல்லிவிட்டார்: ஆயுத பூஜை, பொங்கல், சித்திரை ஒன்று, ஆடிப் பதினெட்டு. நான்கு நாளும் சார்ஜ். ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைப்பாராம்.

மில்லிஓம் · ஞாயிறு, இரவு 8:00

இதைவிட நல்ல அட்டவணை எந்தக் கையேட்டிலும் இல்லை. கிளிப்பில் மட்டும் குங்குமம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர் அகிலா · மூன்று வாரம் கழித்து, வியாழன், காலை 11:15

பழைய இழையை மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும். பெட்டிக்கு இன்று முதல் வேலை. என் வண்டிக்கு இல்லை. எதிர் வரிசை, பராமரிப்புக் கட்டண அங்கிள்.

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக நின்றார். ஆட்டோமேட்டிக் செடான், தள்ளவும் முடியாது. மேலே ஓடிப்போய் எடுத்து வந்தேன். மாட்டினால் விளக்கு பச்சையாகவும் எரியவில்லை, சிவப்பாகவும் எரியவில்லை. பேட்டரி ஒரேயடியாகப் போய்விட்டது என்று பூஸ்ட்டை அழுத்தப் போனேன். மணி அண்ணா எழுதியது ஞாபகம் வந்து, பிளஸ் குறியைத் தேடினால் டெர்மினல் முழுக்க வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஏதோ படிந்திருக்கிறது. கிளிப் உலோகத்தையே தொடவில்லை! செக்யூரிட்டி அறையிலிருந்து வெந்நீர் வாங்கி ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். திரும்ப மாட்டியதும் பச்சை. ஒரே அடியில் எடுத்தது.

டைனமோ மணி · வியாழன், மதியம் 1:40

அது சல்பேட். துடைத்த பிறகு காய்ந்ததும் வாசலின் லேசாகத் தடவச் சொல்லுங்கள், திரும்ப வராது. கையைக் கழுவினீர்களா? அமிலம், துணியில் பட்டால் ஓட்டை விழும்.

அல்சூர் அகிலா · வியாழன், மதியம் 2:05

துப்பட்டாவில் ஏற்கெனவே இரண்டு.

வைட்ஃபீல்டு வாசி · வியாழன், மாலை 4:30

பராமரிப்புக் கட்டணம் தீர்ந்ததா? அதைவிட முக்கியம், பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? டிக்கி என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அல்சூர் அகிலா · வியாழன், இரவு 9:50

கட்டணம் தீரவில்லை. ஆனால் வணக்கம் சொல்கிறார்.

பெட்டி செருப்பு அலமாரிக்கு மேலே, கார் சாவி தொங்கும் ஆணிக்குக் கீழே. நீங்கள் கேட்டதும் போய்ப் பார்த்தேன், இல்லை. பையனின் படுக்கைக்கு அடியில் இருந்தது, அவன் டேப்லெட்டுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு. 31 சதவீதம்.